ஓடிபிசி: போட்டியாளர் கூடி வகுத்த பொதுவழி

1970ஆம் ஆண்டில் ஐபிஎம் ஸ்தாபனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர், தகவல்களை வரிசையும் பத்தியுமாக அட்டவணைகளில் வகுத்துவிட்டால், அவை வட்டில் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறியாமலே எவரும் கேள்வி கேட்டு விடை பெறலாம் என்ற சித்தாந்தத்தை வெளியிட்டார். அதைப் பின்பற்றி 1974இல் அதே ஸ்தாபனத்துச் சேம்பர்லினும் பாய்ஸும் உருவாக்கிய வினவல் பாஷையே, பின்னர் எஸ்க்யூஎல் என்ற பெயரோடு உலகெங்கும் பரவி, 1986இல் அமெரிக்கத் தரநிர்ணய ஸ்தாபனத்தின் அங்கீகாரத்தையும், அடுத்த ஆண்டே சர்வதேச அங்கீகாரத்தையும் பெற்றது.

பாஷை பொதுவாயிற்றேயன்றி, கேள்வியைச் சுமந்து செல்லும் வழி பொதுவாகவில்லை. ஆரக்கிளுக்கு ஒரு நூலகம், சைபேஸுக்கு வேறொன்று, இன்ஃபார்மிக்ஸுக்கு மற்றொன்று என ஊருக்கொரு மரக்காலாக இருந்த அக்காலத்தில், ஒரு தரவுத்தளத்துக்காக எழுதிய நிரலை வேறொன்றுக்கு மாற்ற விரும்பியவர், தொடர்பு கொள்ளும் பகுதிகளையெல்லாம் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அந்தச் செலவுக்கு அஞ்சியே பலர் முதலில் விற்றவரிடமே கட்டுண்டு கிடந்தனர்.

இந்நிலையில் 1989இல், சந்தையில் ஒருவரோடொருவர் கடுமையாகப் போட்டியிட்ட கம்பெனிகளே ஒன்றுகூடி எஸ்க்யூஎல் அக்ஸஸ் குரூப் என்ற சங்கத்தை அமைத்து, எந்தத் தரவுத்தளத்தையும் ஒரே விதமாக அழைக்கும் முறையை வகுக்க முற்பட்டன. அம்முயற்சியோடு இயைந்து மைக்ரோசாப்ட் 1992இல் வெளியிட்டதுதான் ஓடிபிசி. சங்கம் வகுத்த முறை எக்ஸ்/ஓப்பன் அமைப்பின் வழியாக வளர்ந்து 1995இல் சர்வதேசத் தரமாயிற்று.

ஓடிபிசியின் அமைப்பு மிக நேர்த்தியானது. நிரல் தன் வேண்டுகோளை டிரைவர் மேனேஜரிடம் ஒப்படைக்கும். அது உரிய டிரைவரை நினைவகத்தில் ஏற்றும். டிரைவர் அந்த வேண்டுகோளைத் தன் சர்வரின் சொந்த நடைக்கு மாற்றியனுப்பி, விடையைப் பெற்று வரும். சர்வரை எட்ட முடியவில்லையெனில் 08001, கடவுச்சொல் தவறெனில் 28000 என்று, பிழைகளுக்குங்கூட ஐந்தெழுத்துக் குறிகள் நிர்ணயிக்கப்பட்டன. ஆயினும் நான் பெரிதும் போற்றுவது வேறொன்று. தரவுத்தளங்கள் யாவும் ஒரே தன்மையுடையன என்று இம்முறை பாவனை செய்யவில்லை. ஒரு டிரைவருக்கு எவ்வெவை இயலும், எவை இயலா என்பதை ஓடுகிற வேளையிலேயே கேட்டறிய எஸ்க்யூஎல்கெட்இன்ஃபோ என்ற அழைப்பை வைத்ததோடு, தேதி எழுதும் முறை போன்ற வேற்றுமைகளுக்கு நெளிவு அடைப்புக்குறிக்குள் ஒரு பொது வடிவத்தையும் வகுத்து, அதைத் தத்தம் வழக்கிற்கு மாற்றும் பொறுப்பை டிரைவர்களிடமே விட்டது. வேற்றுமையை மறைக்காமல் ஒப்புக்கொண்டதே இத்தரத்தின் நீடித்த ஆயுளுக்குக் காரணமென்பது என் அபிப்பிராயம்.

அழைப்புகளின் பெயரும் பொருளும் பகிரங்கமாக இருந்தமையால், யுனிக்ஸ் கணினிகளுக்கென யுனிக்ஸ்ஓடிபிசி, ஐஓடிபிசி என்ற இரு கட்டற்ற டிரைவர் மேனேஜர்கள் தோன்றின. மைக்ரோசாப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தின் பேச்சுமுறையோ அக்காலத்தில் வெளியிடப்படாதிருந்தது. ஆகவே ஃப்ரீடிடிஎஸ் என்ற கட்டற்ற டிரைவரை இயற்றிய தொண்டர்கள், கம்பியிற் செல்லும் பைட்டுகளைக் கூர்ந்து நோக்கியே அதை அறிய நேர்ந்தது. திறந்த பகுதியில் உழைப்பு எவ்வளவு எளிது, மூடிய பகுதியில் எவ்வளவு அரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1997இல் ஜாவாவுக்கென சன் ஸ்தாபனம் வெளியிட்ட ஜேடிபிசியும் சங்கம் வகுத்த அந்தப் பொதுமுறையின் அடிப்படையிலேயே எழுந்தது.

இடையில் மைக்ரோசாப்டே ஓஎல்இ டிபி என்ற புதிய முறையைக் கொணர்ந்து, ஓடிபிசியைப் பழமையென ஒதுக்கப் பார்த்தது. ஆனால் 2011இல் அதே ஸ்தாபனம், எஸ்க்யூஎல் சர்வரை அணுக இனி ஓடிபிசியே வழியென்று அறிவித்தது. பின்னர் ஓஎல்இ டிபிக்கும் மறுவாழ்வு கிடைத்ததாயினும், ஓடிபிசியின் ஸ்தானம் அசையவில்லை.

ஆகவே மக்களின் பதிவேடுகளைக் காக்கும் அலுவலகங்கள், விற்றவரிடமே கட்டுண்டு கிடக்காதிருக்க, மென்பொருள் வாங்கும்போது, வெளியிடப்பட்ட தரத்தின் வழியாகத் தகவலை எடுத்துச் செல்ல இயலுமா என்று முதலில் கேட்டு, இயலுமென்ற உறுதிமொழியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.