மானம்புச்சாவடியும் எங்க பாட்டு வாத்தியாரும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம், டேமேஜர் தொல்லை, வழக்கமான புலம்பல்தான். இன்னிக்கு மொக்கை கிடையாது, கொஞ்சம் சீரியஸ் பதிவு. பாதியில ஓடிடாதீங்க :-)

விஷயம் இதுதான். நான் அஞ்சாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் பாட்டு கத்துக்கிட்டேன். (யாருப்பா அது சிரிக்கிறது?) எங்க ஊர் தஞ்சாவூர் பக்கம் ஒரு சின்ன ஊர். வாத்தியாரோட அப்பா கோயில்ல நாகஸ்வரம் வாசிச்சவர். வாத்தியார் வாய்ப்பாட்டுக்கு வந்துட்டார். காலையில ஆறு மணிக்கு திண்ணையில பத்து பன்னெண்டு பேர் உக்காந்து சரளி வரிசை கத்துவோம். மாசம் இருநூறு ரூபாய். கொடுக்காட்டி கேக்கவும் மாட்டார். எங்க வீட்ல ஒரு தடவை மூணு மாசம் கொடுக்கலை. ஒரு வார்த்தை கேக்கலை.

அவருக்கு இந்த வருஷம் சதாபிஷேகம். பழைய மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பாராட்டு விழா எடுக்கறோம். வாட்ஸ்அப் குழுவுல ஒரு புண்ணியவான், "நீதான் பிளாக்லாம் எழுதுறியே, பாராட்டுப் பத்திரத்தை நீயே எழுதிடு"ன்னு கோத்து விட்டுட்டான். சரின்னு நாலஞ்சு பழைய பாராட்டுப் பத்திரங்களை மாதிரிக்கு எடுத்துப் பார்த்தேன். எல்லாத்துலயும் ஒரே வரிசை. பிறந்த ஊர், குரு, முக்கியமான கச்சேரிகள், பெற்ற விருதுகள்.

கடைசி ரெண்டுலதான் மாட்டிக்கிட்டேன். கச்சேரின்னு பார்த்தா ராம நவமிக்கும் நவராத்திரிக்கும் நம்ம ஊர் கோயில்ல பாடினது. விருதுகள்னு தலைப்பு போட்டா கீழ எழுத ஒண்ணும் இல்லை. அம்பது வருஷத்துக்கு மேல சொல்லிக் கொடுத்த மனுஷனுக்கு ஒரு வரி கூட தேறலையேன்னு கடுப்பாயிடுச்சு. அப்பதான், வாத்தியார்களுக்கு எப்பத்தான் மரியாதை பண்ணியிருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுதான் இந்தப் பதிவு.

சபைக்கு முன்னாடி

ஒரு காலத்துல வித்வானுக்கு மரியாதை பண்ண வேண்டியது ராஜாவோட வேலை. தஞ்சாவூர் மராட்டிய அரண்மனை, மைசூர், திருவிதாங்கூர், ராமநாதபுரம், எட்டயபுரம்னு நிறைய இடம் இருந்தது. பாடறவரும் சொல்லிக் கொடுக்கறவரும் அப்ப வேற வேற ஆள் கிடையாது. பெரிய வித்வான்னா வீட்ல நாலு சீடப்பிள்ளைங்க தங்கி, தண்ணி இறைச்சு, மாடு மேய்ச்சு, நடுவுல பாட்டும் கத்துக்குவாங்க. குருகுலவாசம்னா அதுதான்.

1855-ல தஞ்சாவூரோட கடைசி ராஜா சிவாஜி வாரிசு இல்லாம இறந்து போனார். கம்பெனிக்காரன் சமஸ்தானத்தை எடுத்துக்கிட்டான். அதுக்கப்புறம் வித்வான்கள் கொஞ்சம் கொஞ்சமா மதராஸ் பக்கம் நகர ஆரம்பிச்சாங்க. அங்க ராஜா கிடையாது, சபா இருந்தது. டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்களுக்கு மேடையில பாடறவரைத்தான் தெரியும். அவருக்கு யார் காலையில ஆறு மணிக்கு சொல்லிக் கொடுத்தாங்கன்னு எப்படித் தெரியும்? மரியாதை மேடை ஏறினவரோட நின்னுபோனது இங்கதான்னு எனக்குத் தோணுது.

மூணு வருஷம், மூணு வாத்தியார்

ஆனா ஆரம்பத்துல நிலைமை அவ்வளவு மோசமில்லைங்க. 1927 டிசம்பர்ல மதராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதுல இருந்து பிறந்ததுதான் 1928-ல வந்த மியூசிக் அகாடமி. 1929-ல இருந்து வருஷா வருஷம் மாநாடு, அதுக்கு ஒரு பெரியவர் தலைவர். அந்தத் தலைவருக்கு 'சங்கீத கலாநிதி'ன்னு பட்டம் கொடுக்கணும்னு 1942-லதான் முடிவு பண்ணாங்க. அதுக்கு முன்னாடி தலைமை வகிச்சவங்களுக்கும் சேர்த்துக் கொடுத்துட்டாங்க.

இப்ப இந்த மூணு பேரைப் பாருங்க. 1932-ல டைகர் வரதாச்சாரியார். 1933-ல பொன்னையா பிள்ளை. 1934-ல சபேச ஐயர். மூணு பேருமே சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரியோட சம்பந்தப்பட்ட வாத்தியார்கள்! அது அகாடமியும் பல்கலைக்கழகமும் புதுசா ஆரம்பிச்சிருந்த நேரம். திண்ணையில நடந்த பாடத்தை வகுப்பறைக்குக் கொண்டு வரணும், பாடத்திட்டம் போடணும், பரீட்சை வைக்கணும். அதுக்கு வாத்தியார் வேணும். தேவை இருந்தப்போ மரியாதையும் தானா வந்திருக்கு.

இதுல டைகரைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். 1876-ல பிறந்தவர். கொஞ்ச காலம் அரசாங்கத்துல குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவர். (நம்ம மாதிரி பொட்டி தட்டறவங்களுக்கு ஒரு ஆறுதல்.) குரல் இனிமைன்னு யாரும் சொல்லமாட்டாங்க, கரகரன்னு இருக்கும். ஆனா கற்பனையும் ஞானமும் கடல். 1931-ல அகாடமி ஆரம்பிச்ச இசை ஆசிரியர் கல்லூரிக்கு அவர்தான் முதல் முதல்வர். வாத்தியார்களை உருவாக்கற கல்லூரிக்கே வாத்தியார்! அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அப்புறம் ருக்மிணி தேவியோட கலாக்ஷேத்ரா. 1950-ல இறந்து போனார்.

சீடன் கொடுத்த பட்டம்

கலாக்ஷேத்ராவுல டைகர்கிட்ட வந்து சேர்ந்தவர் எம்.டி.ராமநாதன். பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்ராவுல 1923-ல பிறந்தவர். பி.எஸ்ஸி. பௌதிகம் படிச்சிட்டு வேலைக்குப் போகாம பாட்டு கத்துக்க மதராஸ் வந்தவர். நான் இன்ஜினியரிங் படிக்கறதுக்காகப் பாட்டை விட்டவன். இந்த இடத்துல எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுச்சு.

எம்.டி.ஆர். நிதானமா, கீழ் ஸ்தாயியில, காலை நீட்டி உக்காந்து யோசிக்கற மாதிரி பாடுவார். பல பேருக்குப் பொறுமை இருக்காது. பிடிச்சவங்களுக்கு அவரை விட்டா வேற ஆள் கிடையாது. அதே கலாக்ஷேத்ராவுல வாத்தியாராகி, முதல்வராகவும் இருந்தார். 1974-ல பத்மஸ்ரீ கிடைச்சது. சங்கீத கலாநிதி கிடைக்கவே இல்லை. 1984-ல போய்ட்டார்.

ஆனா அவர் பண்ண ஒரு காரியம் இருக்கு. அவர் முன்னூறுக்கு மேல பாட்டு கட்டியிருக்கார். வாக்கேயக்காரர்கள் பாட்டுக்குள்ள ஒரு முத்திரை வைப்பாங்க இல்லையா? எம்.டி.ஆர். வெச்ச முத்திரை 'வரததாச'. வரதாச்சாரியாரோட தாசன். அவர் பாட்டை யார் எங்க பாடினாலும் வாத்தியார் பேரைச் சொல்லாம முடிக்க முடியாது. இதை விடப் பெரிய விருது எந்தக் கமிட்டி கொடுக்கும், சொல்லுங்க?

கொஞ்சம் நம்ம பாஷையில

நமக்குத்தான் எதைப் பார்த்தாலும் ட்ரீயா வரையத் தோணுமே. பேப்பர் எடுத்து குரு சிஷ்ய அம்புக்குறி போட ஆரம்பிச்சேன்.

டைகருக்கு குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர். அதே பட்டணத்துக்கிட்ட கத்துக்கிட்டவங்க மைசூர் வாசுதேவாச்சார் (1935-ல தலைவர்), பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார். பூச்சிகிட்ட கத்துக்கிட்டவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1938). அரியக்குடிகிட்ட கே.வி.நாராயணசுவாமி (1986), பி.ராஜம் ஐயர் (1987).

இன்னொரு கிளை. சபேச ஐயருக்கு குரு மகா வைத்தியநாத ஐயர். சபேச ஐயர்கிட்ட ஒன்பது வருஷம் கத்துக்கிட்டவர் முசிறி சுப்பிரமணிய ஐயர் (1939). முசிறிகிட்ட டி.கே.கோவிந்த ராவ் (1999).

ரெண்டு கிளையும் மேல போய் ஒரே ஆள்கிட்ட முட்டுது. பட்டணம் சுப்பிரமணிய ஐயர், மகா வைத்தியநாத ஐயர், ரெண்டு பேருக்கும் குரு ஒருத்தரே. மானம்புச்சாவடி வெங்கடசுப்பையர். தியாகராஜரோட உறவினர், நேர் சீடர். அவருக்கு மேல தியாகராஜர், அவருக்கு மேல அவரோட குரு சொண்டி வெங்கடரமணய்யா.

எத்தனை கலாநிதிகள் பாருங்க இந்த ஒரு நோடுக்குக் கீழ! ட்ரீல அந்த நோடை டெலீட் பண்ணா என்ன ஆகும்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லணுமா? ஆனா தியாகராஜரைத் தெரிஞ்ச அளவுக்கு மானம்புச்சாவடியை எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் போன மாசம் வரைக்கும் தெரியாது.

தெரியாதுன்னு சொன்னேனா? அதுதான் பொய். ஹம்ஸத்வனியில 'ஜலஜாக்ஷ'ன்னு ஒரு வர்ணம் இருக்கு. பாட்டு கத்துக்கிட்ட முக்கால்வாசி பேர் அதைத் தாண்டித்தான் வந்திருப்பீங்க. அதை இயற்றினவர் மானம்புச்சாவடி வெங்கடசுப்பையர்தான். எங்க வாத்தியார் திண்ணையில எனக்கு கடைசியாச் சொல்லிக் கொடுத்த உருப்படி அதுதான். ட்யூஷன் ஆரம்பிச்சதும் வர்ணத்தைப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன்.

அப்புறம் வந்தவங்க

1949-ல மதராஸ்ல அரசாங்கமே கர்நாடக இசைக்கு ஒரு கல்லூரி ஆரம்பிச்சது. முதல் முதல்வர் முசிறி. 1938-ல 'துக்காராம்' படத்துல நடிச்ச அதே முசிறிதான். உடல்நிலை காரணமா கச்சேரி மேடையில இருந்து சீக்கிரமே விலகினவர், மிச்ச காலத்தை சொல்லிக் கொடுக்கறதுல செலவழிச்சார்.

அந்தக் கல்லூரியில சொல்லிக் கொடுத்தவங்கள்ல ஒருத்தர் டி.பிருந்தா. வீணை தனம்மாள் பேத்தி, காஞ்சிபுரம் நாயனா பிள்ளையோட மாணவி. பதமும் ஜாவளியும் சுத்தமா வேணும்னா பிருந்தாம்மாகிட்டதான் போகணும்னு பெரிய பெரிய வித்வான்களே போய்க் கத்துக்கிட்டாங்க. எம்.எஸ். கூட அவங்ககிட்ட பதம் கத்துக்கிட்டவங்கதான். அமெரிக்காவுல சியாட்டில் வரைக்கும் போய் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல சொல்லிக் கொடுத்திருக்காங்க. எம்.எஸ்.ஸுக்குக் கலாநிதி 1968-ல, பிருந்தாம்மாவுக்கு 1976-ல. சொல்லிக் கொடுத்தவங்களுக்கு எட்டு வருஷம் கழிச்சு. இதுல யார் மேலயும் குத்தம் சொல்லலை. மேடை வெளிச்சம் முதல்ல எங்க விழும்கறதுக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

1993-ல இருந்து அகாடமி 'சங்கீத கலா ஆச்சார்யா'ன்னு தனியா ஒரு விருது கொடுக்குது. சொல்லிக் கொடுத்ததுக்காகவே ஒரு விருது. அகாடமி ஆரம்பிச்சு அறுபத்தஞ்சு வருஷம் ஆகியிருந்தது. லேட்டா வந்தாலும் வந்ததே நல்லது. 2003-ல பி.எஸ்.நாராயணசுவாமிக்கு பத்ம பூஷண் கொடுத்தாங்க. செம்மங்குடியோட சீடர். ரஞ்சனி காயத்ரி, அபிஷேக் ரகுராம்னு இன்னிக்கு நாம யூட்யூப்ல கேக்கற எத்தனையோ பேருக்கு வாத்தியார். 2020-ல அவர் போனப்போ மாணவர்கள் எழுதின அஞ்சலி ஒவ்வொண்ணும் வகுப்பறை ஞாபகமாத்தான் இருந்தது.

ஆனா இந்தப் பட்டியல்ல இருக்கற எல்லாரும் பெரிய பேர்கள். இவங்ககிட்ட வந்து சேர்றதுக்கு முன்னாடி அந்தப் பசங்களுக்கு 'ச ப ச' பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் யாரு? அவர் எந்த ட்ரீலயும் வர்றதில்லை. வாழ்க்கை வரலாறுல "தொடக்கப் பயிற்சியை உள்ளூரில் பெற்றார்"ன்னு அரை வரி. எங்க வாத்தியார் அந்த அரை வரி.

திண்ணைக்குத் திரும்ப

போன சனிக்கிழமை ஊருக்குப் போய் அவரைப் பார்த்தேன். எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். விருதுங்கற தலைப்பை எடுத்துடவான்னு தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரிச்சார்.

"அது காலியா இருந்தா இருந்துட்டுப் போகுது தம்பி. எங்க வாத்தியார் பேரை மட்டும் விட்டுராத. அவரு பேரை யாரும் எங்கயும் அச்சுல போட்டதில்ல."

எம்.டி.ஆர். முத்திரை வெச்சதும் இவர் சொன்னதும் எனக்கு ஒண்ணாத்தான் பட்டுது. பதில் சொல்ல வரலை, தலையை மட்டும் ஆட்டினேன். கிளம்பறப்போ, "ஜலஜாக்ஷ எதுவரைக்கும் ஆச்சு உனக்கு?"ன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு இருந்தது.

"முக்தாயி ஸ்வரம் முடிஞ்சுது. சரணம் பாக்கி."

பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு மக்களே. எனக்கு அப்புறம் அந்தத் திண்ணையில எத்தனை பசங்க வந்து போயிருப்பாங்க!

பத்திரத்தை மாத்தி எழுதிட்டேன். விருதுகள்ங்கற தலைப்பை எடுத்துட்டு 'மாணவர்கள்'னு போட்டு, குழுவுல இருக்கற எல்லார் பேரையும் வரிசையா எழுதினேன். அதுல பாடகர் யாரும் கிடையாது. நர்ஸ், கண்டக்டர், ரெண்டு ஸ்கூல் டீச்சர், துபாய்ல ஒரு எலக்ட்ரீஷியன், அப்புறம் நான். மேல முதல் வரியில அவரோட வாத்தியார் பேர். அவர் பேரை இங்க போடலை. கூச்சப்படுவார்.

டிஸ்கி: உங்களுக்கும் ஒரு திண்ணை வாத்தியார் இருந்திருப்பார். பாட்டோ, மிருதங்கமோ, தவிலோ, பரதமோ. பின்னூட்டத்துல "பதிவு அருமை"ன்னு போடறதுக்குப் பதிலா அவர் என்ன சொல்லிக் கொடுத்தார்னு ரெண்டு வரி எழுதிட்டுப் போங்களேன். முடிஞ்சா இந்த வாரக் கடைசியில அவரை ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் விழா முடிஞ்சதும் சரணம் ஆரம்பிக்கறேன். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு முன்கூட்டியே மன்னிப்பு :-)