நோன்பு இருக்க லெந்து எதற்கு?

திருநீற்றுப் புதன் நெருங்கினால் போதும், கைப்பேசிகளில் ஒரு வாழ்த்துப் படம் சுற்றத் தொடங்கிவிடும். கிறித்தவர்களின் தவக்காலத்தைக் குறிக்கும் ‘லெந்து’ என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளையும் தனித்தனியே பிரித்து, ‘எதிர்மறை எண்ணங்களை ஒழிப்போம்’ என்ற பொருளில் விரித்திருப்பார்கள். வேலைப்பளுவில் தவிப்பவருக்கு அது ஆறுதலாக இருக்கலாம்; சொல்வரலாறு அதுவன்று. பழைய ஆங்கிலத்தில் ‘லென்க்டென்’ என்றால் வசந்தம், பகல் நீளும் பருவம். அதில் செபமும் இல்லை, பட்டினியும் இல்லை. இலத்தீன் நாளை எண்ணிப் பெயரிட்டது: ‘குவாத்ரஜேசிமா’, நாற்பதாவது. திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40.

தமிழ்க் கிறித்தவர்களில் சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்கள் என்பர். கத்தோலிக்கரின் பழைய தபசு காலம் பின்னர் தவக்காலம் ஆனது. பாபம் பாவமானதுபோல, உபமா உவமையானதுபோல, தபஸ் தவமாயிற்று. தொல்காப்பிய உரியியல் மிகுதிப் பொருளில் கூறும் ‘தவ’விலிருந்து இதை வருவிப்பாரும் உண்டு. மிகுதிக்கும் பட்டினிக்கும் என்ன உறவு? விடை இல்லை. தபஸின் வேருக்குப் பொருள் சுடுதல். தீயில் காய்ந்து ஒளிவிடும் பொன்னை 267ஆம் குறள் துன்பம் சுடச்சுட ஒளிவிடும் தவத்தோருக்கு உவமையாக்கியது அந்தப் பொருளுக்கு எவ்வளவு பொருத்தம்!

சொல் வடக்கிலிருந்து வந்தது. பொருள் இங்கேயே இருந்தது. அதன் பெயர் நோல். நோற்றல், நோன்றல், நோன்பு எல்லாம் அதன் கிளைகள். தவம் எது என்று சொல்லவந்த 261ஆம் குறளே, தனக்கு வந்த துன்பத்தை நோன்றலையும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையையும்தான் அதன் வடிவம் என்கிறது. சிலப்பதிகாரத்தில், மதுரை எரிந்தபின் கவுந்தியடிகள் மேற்கொண்டது உண்ணா நோன்பு. நோன்மை என்றால் வலிமை. சங்கப் பாட்டில் நோன்தாள் என்பது வலிய கால். நோயும் நோன்மையும் ஒரே வேரில் கிளைத்தவை என்று கொள்ள இடமுண்டு.

நோன்போடு சேர்த்துச் சொல்லப்படும் செபம் வேறு கதை. ஜபம் என்பது முணுமுணுத்தல். மன்றாட்டோ மன்றில் நின்று முறையிடுதல். அவையும் வழக்கும் அதற்குள் இருக்கின்றன.

வேலைக்கும் இந்தச் செபம், நோன்பு இரண்டுக்கும் உள்ள உறவு புதிதன்று. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கின் 43ஆம் அதிகாரம், செபத்துக்கான ஒலி கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு விரையச் சொல்கிறது. முடித்துவிட்டு வா என்று சொல்லவில்லை! 48ஆம் அதிகாரம் தவக்காலத்தில் துறவி ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுத்து, முதலிலிருந்து கடைசிவரை படிக்க வைக்கிறது. அதே அதிகாரம்தான் உழைப்பு நேரத்தையும் வகுக்கிறது.

நம் ஊரில் திரிகால செபம் என்று வழங்கிய மூவேளைச் செபமும் அப்படி வேலையை இடையில் நிறுத்துவதுதான். சென்னை பாரிமுனையில், ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலில், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒருவர் நண்பகலில் முழந்தாளிடுகிறார். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்கிறது, எடுக்கவில்லை. கணக்கு பாதியில் நிற்கிறது, மேலாளர் காத்திருக்கிறார். சுமை குறையவில்லை, ஆனாலும் மூச்சு சீராகிறது. தவம் செய்பவரே தம் கருமத்தைச் செய்பவர் என்ற 266ஆம் குறளுக்கு இதைவிட நல்ல உரை வேண்டியதில்லை.

கேரளத்துச் சுரியானிக் கிறித்தவர்கள் இன்றும் ‘அம்பது நோம்பு’ என்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் ரமலானில் நோன்பு பிடிக்கிறார்கள். மார்கழியில் பாவை நோன்பு. தமிழ்த் திருச்சபைகளும் இக்காலத்தை நோன்புக்காலம் என்றே அழைக்கட்டும்.