மார்சேயின் களிமண் புனிதர்கள்



1793-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தென் பிரான்சில், மத்தியதரைக் கடலோரம் உள்ள மார்சேய் துறைமுக நகரம். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்புக்கு அரசாங்க நாள்காட்டியில் இடமே இல்லை. புரட்சி அரசு பழைய நாள்காட்டியை அக்டோபரிலேயே ஒழித்துவிட்டு, பத்து நாளைக்கு ஒரு வாரம் என்று புதிதாக ஒன்றைக் கொண்டு வந்திருந்தது. அதில் ஞாயிறு கிடையாது, புனிதர்களின் திருநாள்கள் கிடையாது. பாரிசில் நோத்ர் தாம் பேராலயத்தை நவம்பரில் 'பகுத்தறிவின் ஆலயம்' என்று மாற்றிவிட்டார்கள். அரசு கேட்ட உறுதிமொழியைக் கொடுக்க மறுத்த குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள்; பலர் ஒளிந்து திரிந்தார்கள்; கொலைக்களம் போனவர்களும் உண்டு. கோவில்கள் பூட்டிக் கிடந்தன. நள்ளிரவுத் திருப்பலி இல்லை. கோவிலில் குடிலும் இல்லை.

குடில் என்பது அதுவரை பெரும்பாலும் கோவிலுக்கு உரியதாகவே இருந்தது. 1223-இல் அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார் அல்லவா, அந்தப் பக்தி பல நாடுகளுக்கும் பரவியது. பெரிய சுரூபங்கள் செய்யப்பட்டன. பணம் படைத்தவர்கள் தங்கள் மாளிகைகளிலும் குடில் வைத்தார்கள். மீன் விற்பவரும் சுமை தூக்குபவரும் கோவிலுக்குப் போய்த்தான் குழந்தை இயேசுவைப் பார்க்க வேண்டும். இப்போது கோவிலும் பூட்டியாயிற்று. அவர்கள் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

மார்சேயில் ஜான் லூயி லாஞ்ஞேல் என்ற கைவினைஞர் இருந்தார். 1764-இல் பிறந்தவர், 1822-இல் இறந்தவர். அவர் சின்னஞ்சிறு சுரூபங்களுக்குப் பாரிஸ் சாந்தில் அச்சுகள் செய்தார். ஓர் அச்சுக்கு இரண்டு பாதி. ஒரு பாதியில் ஈரக் களிமண்ணை அழுத்தி, மறுபாதியை மேலே வைத்து இறுக்கினால் உள்ளே ஒரு இடையர் உருவாகிவிடுவார். வெளியே எடுத்து, ஓரத்தில் பிதுங்கிய மண்ணைக் கத்தியால் சீவி, நிழலில் காயவைத்து, வர்ணம் தீட்ட வேண்டும். அக்காலத்தில் சூளையில் சுடுவதுகூட இல்லை. அதனால் விலை மலிவு. ஓர் ஏழைக் குடும்பம் ஆண்டுக்கு ஒன்று இரண்டாக வாங்கிச் சேர்க்க முடிந்தது. 'சின்னப் புனிதர்' என்று பொருள்படும்படி அந்த ஊர் மொழியில் இவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் அது 'சாந்தோன்' ஆயிற்று.

திருத்தந்தை ஏழாம் பயஸும் நெப்போலியனும் 1801-இல் உடன்படிக்கை செய்துகொண்டார்கள், கோவில்கள் மறுபடி திறந்தன. ஆனால் வீட்டுக்குள் வந்த குடில் வீட்டை விட்டுப் போகவில்லை. 1803-இல் மார்சேயில் சாந்தோன்களுக்கென்றே ஒரு சந்தை கூடியது. இன்றும் ஆண்டுதோறும் கூடுகிறது.

அந்தக் குடிலில் யார் யார் நிற்கிறார்கள் தெரியுமா? சூசையப்பர், மாதா, இடையர்கள், ஞானிகள் மட்டுமல்ல. மீன்காரி நிற்கிறாள். சாணை பிடிப்பவர் நிற்கிறார். மாவரைப்பவர் மூட்டையோடு வருகிறார். கண் தெரியாத முதியவரை ஒரு சிறுவன் கைபிடித்து அழைத்து வருகிறான். எனக்கு மிகவும் பிடித்தவர் வேறொருவர்: இரண்டு கையையும் மேலே தூக்கி வாயைப் பிளந்து நிற்கும் ஒரு வெகுளி. அவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. வியப்பு மட்டும்தான் இருக்கிறது. குழந்தைகள் முதலில் கேட்பது அவரைப் பற்றித்தானாம். பெத்லகேமில் சாணை பிடிப்பவருக்கு என்ன வேலை என்று விவிலியப் பேராசிரியர்கள் கேட்கலாம். நானும் குருமடத்தில் படித்த காலத்தில் கேட்டிருப்பேன். இன்று கேட்க மாட்டேன்.

இந்தக் குடிலைக் கட்டுவது பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து செய்யும் வேலை. டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று, மூன்று சிறிய தட்டுகளில் கோதுமை விதைக்கிறார்கள். பண்டிகைக்குள் அது பச்சைப்பசேலென்று முளைத்து நிற்கும். நம் ஊரில் கேழ்வரகோ வெந்தயமோ முளைக்கவிட்டுக் குடிலுக்குப் புல்தரை செய்கிறோமே, அதே போலத்தான். 24-ஆம் தேதி இரவு குடும்பத்தில் மூத்தவரும் இளையவரும் ஒரு விறகுக் கட்டையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மேசையை மூன்று முறை சுற்றி வருவார்கள். அதன்மேல் திராட்சை இரசம் ஊற்றி, ஆசி கூறி, அடுப்பில் வைப்பார்கள். பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் அர்ப்பணித்த விழா வரை குடில் இருக்கும். பிறகு ஒவ்வொரு சுரூபமும் பெட்டிக்குள் போகும்.

சென்ற ஆண்டு ஒரு வீட்டை மந்திரிக்கப் போனேன். தொலைக்காட்சிப் பெட்டி மேல் விளக்கெரியும் பிளாஸ்டிக் குடில் இருந்தது. பெரியவர் என்னை உள்ளே அழைத்துப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துக் காட்டினார். அவருடைய அப்பா வாங்கிய சுரூபங்கள். மாட்டுக்கு ஒரு கொம்பு இல்லை. மாவு வைத்து ஒட்டிய கொம்பை எறும்பு தின்றுவிட்டதாம். "பேரனிடம் காட்டினீர்களா?" என்று கேட்டேன். "உடைச்சிருவான் சாமி, அதான் எடுக்கிறதே இல்ல" என்றார். எட்டு வயதுப் பேரன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் வெறும் மண்ணால், சுடாமல்கூடச் செய்த சுரூபங்கள், ஆண்டுதோறும் சிறுவர்கள் கையில் எடுத்து வைத்த பிறகும், தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கின்றன. சில உடைந்தன, அடுத்த ஆண்டு புதிது வந்தது. விடுதலைப் பயண நூலில் பாஸ்காவைப் பற்றிச் சொல்லும்போது, பிள்ளைகள் 'இது என்ன?' என்று கேட்பார்கள் என்றே ஆண்டவர் எதிர்பார்க்கிறார். டின்னுக்குள் இருப்பதைப் பற்றி எந்தப் பிள்ளை கேட்கும்?

ஆகவே பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்யுங்கள். களிமண்ணில் ஒரு ஆட்டுக்குட்டி போதும்; கால் கோணலாக இருந்தால் இருக்கட்டும். நிழலில் நாலைந்து நாள் காய்ந்த பிறகே வர்ணம் பூசுங்கள். அடியில் பிள்ளையின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். எடுத்து வைக்கும்போதும் பிள்ளையே சுற்றட்டும். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், சுடாத மண் கரைந்துவிடும். மை ஒட்டும் செய்தித்தாளை விட, துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணி நல்லது. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கும். வைக்கோலைப் பெட்டிக்குள் போடாதீர்கள், பூச்சி வரும். கனமானது அடியில், குழந்தை இயேசு எல்லாவற்றுக்கும் மேலே.

உரோமையில் 1969 முதல், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, சிறுவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தை இயேசு சுரூபத்தைப் புனித பேதுரு சதுக்கத்துக்குக் கொண்டு வருகிறார்கள், திருத்தந்தை ஆசீர்வதிக்கிறார். அதே ஞாயிறன்று நம் கோவிலிலும் திருப்பலி முடிவில் மந்திரித்துத் தருகிறேன். தாத்தா பாட்டிகள் கூட வாருங்கள். சுரூபத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.