கைபேசிவழி மோட்டார் கட்டுப்படுத்தி

கைபேசிவழி மோட்டார் கட்டுப்படுத்தி என்பது கிணற்றிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ உள்ள நீரேற்று மின்மோட்டாரைத் தொலைவிலிருந்து கைபேசி மூலம் இயக்கவும் நிறுத்தவும் உதவும் மின்னணுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது மொபைல் ஸ்டார்ட்டர் எனப்படுகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட கொங்குநாட்டு மாவட்டங்களில் உழவர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர். பெரும்பாலும் இக்கருவி ஏற்கனவே உள்ள ஸ்டார்ட்டருடன் இணைக்கப்படுகிறது. சில இடங்களில் பழைய ஸ்டார்ட்டர் முழுவதும் மாற்றப்படுகிறது.

பின்புலம்

கொங்குநாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. இங்கு வேளாண்மை பெரிதும் பாறையில் வெட்டப்பட்ட ஆழமான கிணறுகளைச் சார்ந்தது. முன்னர் எருதுகளைப் பூட்டிக் கவலை மூலம் நீர் இறைக்கப்பட்டது. பைக்காரா நீர்மின் திட்டம் 1930களில் செயற்பாட்டுக்கு வந்த பின்னர் மின்மோட்டார்கள் படிப்படியாக அவ்விடத்தைப் பெற்றன. இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டார் 1937 இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரால் செய்யப்பட்டதாகக் குறிப்பிடப்படுகிறது. பிற்காலத்தில் இந்நகரம் நீரேற்று இயந்திர உற்பத்தியில் நாட்டின் முதன்மையான மையங்களில் ஒன்றாக வளர்ந்தது.

மின்சாரம் இப்பகுதி உழவர்களின் அரசியலிலும் இடம்பெற்றது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1970 இலும் 1972 இலும் பெரும் போராட்டங்கள் நடைபெற்றன. 1990 முதல் தமிழ்நாட்டில் உழவர்களுக்கு இலவச மின்சாரம் வழங்கப்பட்டு வருகிறது. எனினும் மோட்டாருக்குத் தேவையான மும்முனை மின்சாரம் நீண்ட காலம் முறை வைத்து, பகலில் சில மணிநேரமும் இரவில் சில மணிநேரமும் மட்டுமே கிடைத்தது. இதனால் உழவர்கள் நள்ளிரவிலும் கிணற்றடிக்குச் செல்ல வேண்டியிருந்தது. பாம்புக்கடி, ஈரத்தரையில் மின்தாக்கு ஆகியன இதன் இடர்கள். தொண்டாமுத்தூர், மேட்டுப்பாளையம் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் யானைகளின் நடமாட்டமும் உண்டு.

முந்தைய கருவிகள்

இரவு நடையைத் தவிர்க்க முதலில் பரவியது ஆட்டோ எனப்படும் தானியங்கி சுவிட்ச் ஆகும். மும்முனை மின்சாரம் வந்தவுடன் இது தானே மோட்டாரை இயக்கிவிடும். ஆயினும் கிணற்றில் நீர் உள்ளதா, வயலுக்குப் பாசனம் தேவையா என்பவற்றை இது அறியாது. மேலும், மின்சாரம் வந்த நொடியிலேயே ஒரு மின்மாற்றியைச் சார்ந்த எல்லா மோட்டார்களும் ஒருங்கே இயங்கத் தொடங்கினால் மின்னழுத்தம் பெரிதும் வீழ்ச்சியடையும். நேரடி ஸ்டார்ட்டர் கொண்ட மோட்டார் தொடங்கும்போது இயல்பான அளவைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு மின்னோட்டத்தை ஈர்ப்பதே இதற்குக் காரணம். இதனைத் தவிர்க்கக் காலத்தாமத அமைப்பு தேவைப்பட்டது.

கைபேசியின் வருகை இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வைத் தந்தது. இத்துறையின் இந்திய முன்னோடிகளுள் புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய நானோ கணேஷ் குறிப்பிடத்தக்கது. இது 2009 இல் நோக்கியா நிறுவனம் நடத்திய புத்தாக்கப் போட்டியில் பரிசு பெற்றது. பின்னர் கோயம்புத்தூர் வட்டாரத்திலும் இத்தகைய கருவிகள் உற்பத்தி செய்யப்பட்டன. தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை இவற்றை வாங்க உழவர்களுக்கு மானியம் வழங்கியுள்ளது.

இயங்கும் முறை

கருவியினுள் கைபேசிகளில் உள்ளதைப் போன்ற ஒரு தகவல்தொடர்பு மின்சுற்றும் சிம் அட்டையும் இருக்கும். பதிவு செய்யப்பட்ட எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மட்டுமே அது ஏற்கும். கட்டளை மூன்று வழிகளில் அனுப்பப்படலாம்:

முதலாவது தவறிய அழைப்பு. இதற்குக் கட்டணம் இல்லை. இரண்டாவது குறுஞ்செய்தி. மூன்றாவது, அழைப்பு இணைந்த பின் எண் விசையை அழுத்துதல். ஒவ்வொரு விசையும் இரு வேறு அதிர்வெண்கள் கலந்த ஒலியை எழுப்பும். எடுத்துக்காட்டாக, 1 என்ற விசைக்கு 697, 1209 ஏர்ட்சு ஆகும். கருவி அவ்வொலியை இனங்கண்டு செயற்படும். பிற்காலக் கருவிகள் இணையவழிச் செயலிகளையும் பயன்படுத்துகின்றன. மின்சாரம் வந்தது, மோட்டார் நின்றது போன்ற தகவல்களைக் கருவியே உழவருக்குத் தெரிவிக்கவும் கூடும்.

ஸ்டார்ட்டருடன் இணைத்தல்

அழுத்துபொத்தான் கொண்ட ஸ்டார்ட்டரில் மோட்டாருக்கான மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிப்பது கான்டாக்டர் ஆகும். மிகைமின்னோட்டம் ஏற்பட்டால் மோட்டாரை நிறுத்துவது ஓவர்லோடு ரிலே ஆகும். கைபேசிவழிக் கருவி இவற்றின் பணியைச் செய்வதில்லை. பொத்தானை அழுத்தும் விரலின் பணியை மட்டுமே செய்கிறது. ஆதலால் இவ்விரண்டையும் நீக்கக்கூடாது.

பொதுவாக, கருவியின் தொடக்க ரிலே பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், நிறுத்த ரிலே சிவப்புப் பொத்தானுடன் தொடராகவும் இணைக்கப்படும். முதலாவது இயல்பில் திறந்திருக்கும். இரண்டாவது இயல்பில் மூடியிருக்கும். இவ்வாறு இணைத்தால், கருவி மின்சாரம் இன்றிச் செயலிழந்தாலும் உழவர் வழக்கம்போல் பொத்தான்களைக் கொண்டே மோட்டாரை இயக்கலாம். கைப்பிடியை இழுத்து இயக்கும் பழைய எண்ணெய் ஸ்டார்ட்டர்களில் இது இயலாது. அவற்றை முதலில் கான்டாக்டர் வகை ஸ்டார்ட்டராக மாற்ற வேண்டும்.

கண்காணிப்பவர் அருகில் இல்லாததால் பின்வரும் பாதுகாப்புகள் இன்றியமையாதவை:

மும்முனைகளில் ஒன்று அறுந்தால் எஞ்சிய இரண்டில் மின்னோட்டம் மிகுந்து மோட்டாரின் சுருள் எரிந்துவிடும். இதனைத் தடுக்க ஒருமுனைத் தடுப்பி தேவை. நீர் வற்றிய பின்னும் மோட்டார் ஓடாமல் இருக்க வறள் ஓட்டத் தடுப்பி தேவை. ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டார் பழுதடைந்தால், பல நூறு அடிக் குழாயுடன் அதனை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அச்செலவோடு ஒப்பிடுகையில் இத்தடுப்பிகளின் விலை சிறிதே.

குறைகள்

இக்கருவி கைபேசிச் சேவையைச் சார்ந்தது. சிம் அட்டைக்கு உரிய காலத்தில் கட்டணம் செலுத்தாவிடில் கருவி செயற்படாது. 2018 இல் தமிழ்நாட்டில் பெருமளவில் பயன்பாட்டில் இருந்த ஏர்செல் தன் சேவையை நிறுத்தியது. அந்நிறுவனத்தின் சிம் அட்டை கொண்ட கருவிகளுக்கு வேறு சிம் தேவைப்பட்டது. இரண்டாம் தலைமுறை அலைவரிசையில் மட்டும் இயங்கும் கருவிகளை, அச்சேவை இல்லாத ஜியோ போன்ற வலையமைப்புகளில் பயன்படுத்த இயலாது.

செயலிவழிக் கருவிகள் கூடுதலாகத் தயாரிப்பாளரின் வழங்கியையும் சார்ந்தவை. குளிர்நாட்டு வீடுகளில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவிகளிலும் இதே நிலை காணப்பட்டது. 2011 இல் வெளிவந்த நெஸ்ட் கருவிக்கும் அதன் இரண்டாம் தலைமுறைக்கும் உரிய செயலி இணைப்பைக் கூகுள் நிறுவனம் 2025 அக்டோபரில் நிறுத்தியது. எனினும் அக்கருவிகளைச் சுவரில் இருந்தபடியே கையால் இயக்க முடிந்தது. தொலைத்தொடர்பு அற்றுப்போன பின்னும் கையால் இயக்கும் வழி எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. வாங்கும் கருவி பொதுவான கான்டாக்டருடன் இயங்குமா, வேறு நிறுவனத்தின் உதிரிப்பாகத்தை ஏற்குமா என்பன முன்கூட்டியே அறியத்தக்கவை.

நிலத்தடி நீர் குறித்த கவலையும் உண்டு. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணிநேரம் வீணாக ஓடினால் ஏறத்தாழ 4 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். மின்கட்டணம் இல்லாததால் இவ்விழப்பு உழவரின் கணக்கில் தெரிவதில்லை. கிணற்றின் நீர்மட்டத்திலேயே தெரியும். நேரங்காட்டி கொண்ட கருவியில் ஓடும் நேரத்தை வரையறுத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு

தொலைவிலிருந்து இயக்குபவருக்குக் கிணற்றடியில் யார் உள்ளனர் என்பது தெரியாது. தூர் வாரவோ, குழாயைப் பழுதுபார்க்கவோ ஒருவர் கிணற்றில் இறங்கியிருக்கும்போது மோட்டார் இயங்கத் தொடங்கினால் உயிரிழப்பு நேரக்கூடும். எனவே பணி தொடங்கும் முன் முதன்மைச் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றி, இறங்குபவரே அவற்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். கருவியைக் கைபேசி மூலம் நிறுத்தி வைப்பது மட்டும் போதுமானதன்று.