ஒரு முழங்காலில் பிறந்த அட்டை

கனடாவின் வின்னிபெக் நகரம், முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகள். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய இரும்பு வார்ப்புத் தொழிலாளியின் மகனுக்கு முழங்கால் எலும்பு சீழ்பிடித்திருந்தது. பெரிய டாக்டரிடம் காட்டக் கையில் காசில்லை. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவான நேரத்தில், வார்டுக்குள் ஓர் அறுவை நிபுணர் நுழைந்தார்.

மாணவர்கள் பார்த்துக் கற்கச் சம்மதித்தால் இலவசமாகவே செய்வதாகச் சொன்னார். கால் பிழைத்தது. ஆனால் தன் கால் தப்பியது வெறும் அதிர்ஷ்டத்தால்தான் என்ற உறுத்தல் அந்தச் சிறுவனை விடவில்லை. அவர்தான் டாமி டக்ளஸ். போதகராகி, அரசியலில் இறங்கி, 1944இல் சஸ்காட்செவன் மாகாண முதல்வரானார்.

1947 ஜனவரி 1 முதல் மருத்துவமனைச் செலவுக்குப் பொதுக் காப்பீடு வந்தது. டாக்டர் கட்டணத்தையும் அதில் சேர்க்க முயன்றபோதுதான் புயல் கிளம்பியது.

காசுள்ளவர்கள் தனியார் காப்பீட்டில் இருக்கட்டும், ஏழைகளுக்கு மட்டும் அரசு பிரீமியம் கட்டட்டும் என்றார்கள் மருத்துவர்கள். எல்லோருக்கும் ஒரே திட்டம் என்றது அரசு. இதற்கிடையே முதல்வர் பதவியை விட்டுக் கூட்டாட்சி அரசியலுக்குப் போன டக்ளஸ் 1962 ஜூன் தேர்தலில் தோற்றார். ஆனாலும் ஜூலை 1 அன்று, டாக்டர் கட்டணத்தையும் சேர்த்த மாகாணச் சட்டம் அமலானது. அன்றே பெரும்பாலான டாக்டர்கள் கிளினிக்கைப் பூட்டினார்கள்.

பிரிட்டனிலிருந்து மாற்று டாக்டர்கள் வந்திறங்கினர். டாக்டர்களுக்கு ஆதரவாகச் சட்டமன்றத்தின் முன் திரளும் என்று எதிர்பார்த்த பெருங்கூட்டம் சில ஆயிரங்களோடு நின்றது. வேலைநிறுத்தத்தின் 23ஆம் நாள், பிரிட்டனிலிருந்து வந்த டெய்லர் பிரபு சமரசம் பேசி முடித்தார்: டாக்டர்கள் அரசுச் சம்பளக்காரர்கள் அல்லர், ஆனால் பணம் பொதுத் திட்டத்திலிருந்தே வரும். ஒரு மாகாணம் வென்றது. மற்ற மாகாணங்கள்?

அங்கே காத்திருந்தது கடைசித் திருப்பம். மருத்துவச் சேவையை ஆராய, கனடா மருத்துவர் சங்கம் கேட்டதால் அமைந்த ஆணையத்துக்கு எம்மெட் ஹால் என்ற கன்சர்வேட்டிவ் நீதிபதி தலைவர். தங்கள் பக்கம் சாய்வார் என்று சங்கம் நம்பியது. ஏழை என்று நிரூபித்தால்தான் உதவி என்ற ஏற்பாட்டை அவர் ஏற்கவில்லை. 1964இல், சஸ்காட்செவன் வழியே நாடு முழுமைக்கும் என்று பரிந்துரைத்தார். 1966இல் நாடு தழுவிய சட்டம் வந்தது; 1972க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்தன.

டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழ்க் குடும்பங்கள் டாக்டரிடம் போனதும் நீட்டுகிற ஹெல்த் கார்ட் பிறந்த கதை இதுதான். மருந்தும் பல்லும் கண்ணாடியும் பெருமளவு இன்னும் அதற்கு வெளியேதான். அங்கே இன்றும் தனியார் காப்பீடு உள்ளவருக்கு ஒரு நியாயம், இல்லாதவருக்கு இன்னொன்று. டக்ளஸ் தொடங்கிய வேலையில் பாதி பாக்கியிருக்கிறது.