ஏட்டின் விலையும் விளம்பரத்தின் விலையும்



காலையில் நாளேடு ஒன்றைக் கையில் எடுக்கிறோம். தலைப்புச் செய்தியைப் படிக்கிறோம். பக்கத்தைப் புரட்டினால் பாதி இடத்தைச் சேலைக் கடையும் நகைக் கடையும் தைலப் புட்டியும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. "காசு கொடுத்து வாங்கியது செய்திக்கா, விளம்பரத்துக்கா?" என்று சலித்துக்கொள்கிறோம். அந்த ஏட்டுக்கு நாம் கொடுத்த காசு தாளுக்கும் மைக்கும் அச்சுக்கூலிக்குமாவது போதுமா என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மலிவாகவோ இலவசமாகவோ நமக்குக் கிடைக்கும் எழுத்துக்கு உண்மையில் விலை கொடுப்பவர் யார்? அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் சற்று விரிவாகக் காணப்போகிறோம்.

செய்தித்தாள் ஒரு காலத்தில் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்தது. 1833-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்னும் அச்சுக்காரர் 'சன்' என்ற நாளேட்டைத் தொடங்கி ஒரு சென்டுக்கு விற்றார். மற்ற நாளேடுகளின் விலை அப்போது ஆறு சென்டு. மூன்றாண்டு கழித்து, 1836-இல் பாரிஸ் நகரில் எமில் தெ ஜிரார்தென் என்பவர் 'லா பிரெஸ்' என்னும் ஏட்டின் ஆண்டுச் சந்தாவை 40 பிராங்கு ஆக்கினார். மற்ற ஏடுகள் 80 பிராங்கு வாங்கிய காலம் அது. இருவரும் நட்டப்பட நினைத்தவர்கள் அல்லர். விலை குறைந்தால் வாசகர் பெருகுவர்; வாசகர் பெருகினால் வணிகர் விளம்பரம் கொடுக்க முன்வருவர்; குறைந்த பணத்தை அந்த வழியில் ஈடுகட்டலாம் என்பதே அவர்கள் போட்ட கணக்கு. கணக்குப் பலித்தது. அன்று முதல் ஏடு நடத்துவோர் இரண்டு பொருள்களை விற்கலாயினர். வாசகருக்கு ஏட்டை விற்றனர். விளம்பரம் கொடுப்பவருக்கு வாசகரின் கண்ணையும் காதையும் விற்றனர்.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். இப்பகுதியில் தமிழ் இதழ்கள் தோன்றி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் வார இதழை 1887-இல் தொடங்கினார். அது மூன்றாண்டுக் காலமே நடந்தது. கோலாலம்பூரில் 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கினார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கியபோது அதன் விலை ஒரு காசு. ஏழைத் தொழிலாளியும் வாங்கவேண்டும் என்ற எண்ணம் அந்த ஒரு காசிலேயே தெரிகிறதல்லவா?

ஆனால் தொழிலாளியிடம் அந்தக் காசைவிட அரிதாக இருந்தது எழுத்தறிவு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது ஓர் ஓலைக் கொட்டகையும் ஓர் ஆசிரியருமாகவே இருந்தது. ஆகவே தோட்டத்தில் நாளேடு 'படிக்கப்பட்டது' என்பதைவிடக் 'கேட்கப்பட்டது' என்பதே பொருந்தும். கிராணி வீட்டுக்கோ ஆசிரியர் வீட்டுக்கோ வரும் ஓர் ஏடு, மாலையில் லயத்துத் திண்ணைக்கு வரும். ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பர். செய்திக்கு அது பெரிய வெற்றி. ஏட்டின் கல்லாவுக்கோ பெரிய தோல்வி. பத்துப் பேர் கேட்டாலும் விற்றது ஒரு படிதானே! அந்தக் குறையை விளம்பரம் நிரப்பவேண்டியிருந்தது.

அந்த விளம்பரங்களை எல்லாரும் வெறுத்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. 'ரஜுலா' கப்பல் பினாங்கிலிருந்து சென்னைக்குப் புறப்படும் நாள், ஊருக்குப் பணம் அனுப்பும் வழி, தீபாவளிக்கு வந்திறங்கிய சேலை வகை, சென்னையில் வெளியான புத்தகம் ஆகியவற்றைத் தோட்டத்து மக்கள் விளம்பரத்தில்தான் அறிந்தனர். இன்றும் தீபாவளி நெருங்கினால் ஈப்போ லகாட் சாலைக் கடைகளின் விளம்பரத்தை வீட்டுப் பெண்கள் செய்தியைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள். விளம்பரமும் ஒருவகைச் செய்தியே. உண்மையாக இருக்கும் வரையில் அதனால் கேடில்லை.

சில வேளை விளம்பரதாரரே ஏட்டின் உரிமையாளராகவும் ஆவதுண்டு. ரங்கூனில் பிறந்த ஆவ் பூன் ஹாவ், நம் வீடுகள்தோறும் இருக்கும் புலிச் சின்னத் தைலத்துக்கு உரியவர். 1926-இல் சிங்கப்பூருக்கு வந்த அவர், பிறர் ஏடுகளில் விளம்பரத்துக்குப் பெரும்பணம் கொடுத்தார். பிறகு 1929-இல் தாமே 'சின் சியூ ஜிட் போ' என்ற சீன நாளேட்டைத் தொடங்கிவிட்டார். தைலத்துக்கு விளம்பரம் கிடைத்தது. சீன மக்களுக்கு ஒரு நல்ல நாளேடும் கிடைத்தது. இந்தியாவிலும் இப்படி ஒருவர் இருந்தார். 1893-இல் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவர ராவ், அந்த வருவாயைக் கொண்டு 1908-இல் 'ஆந்திர பத்ரிகா' என்னும் தெலுங்கு இதழைத் தொடங்கினார். அது நாட்டு விடுதலைக்கு உழைத்தது. தலைவலித் தைலம் விற்ற பணம் தேசத் தொண்டுக்குப் பயன்பட்டது. எனவே விளம்பரப் பணம் என்றாலே தீய பணம் என்று சொல்வதற்கில்லை.

ஆயினும் மறுபக்கம் ஒன்று உண்டு. அதை நாங்கள் ஏட்டில் படித்து அறியவில்லை.

1980-களின் இறுதி. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். நாங்கள் அங்கே ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பதாண்டு பால்மரம் வெட்டியவர். எங்களுக்குத் தாத்தா முறை. அவருக்கு எழுத்துத் தெரியாது. பள்ளி விட்டதும், "வா ஐயா, கொஞ்சம் படிச்சுக் காட்டு" என்று அழைப்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்து கைமாறிக் கைமாறிக் கசங்கிய ஓர் இதழை அவருக்குப் படித்துக் காட்டுவோம். கதை, துணுக்கு, பிறகு விளம்பரம் என்று வரிசையாக எல்லாவற்றையும் படிப்போம். எது இதழ்க்காரர் சொல், எது வியாபாரி சொல் என்று பிரித்துச் சொல்ல எங்களுக்குத் தெரியாது. ஒரே குரலில் படித்தோம்.

நீரிழிவு நோய் ஒரு மண்டலத்தில் அடியோடு நீங்கும், பத்தியம் வேண்டா என்று ஒரு விளம்பரம். தாத்தா அதை மூன்று முறை படிக்கச் சொன்னார். சம்பள நாளில் பணம் அனுப்பினார். மருந்துப் பொட்டலம் வந்தது. மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை நிறுத்தினார். சில மாதம் சென்றபின் காலில் சிறு புண், அது ஆறவில்லை. ஈப்போவில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பியவரிடம் எங்கள் தாயார், "எப்படி மாமா நம்பினீங்க?" என்று கேட்டபோது அவர், "அச்சுல வந்திருந்துச்சே அம்மா, புள்ள படிச்சுச்சே" என்றார்.

நேயர்களே, அந்தப் பதிலை நாங்கள் இன்றும் மறக்கவில்லை. அவர் நம்பியது மருந்துக்காரரை அன்று. அச்சையும் பள்ளிப் பிள்ளையின் குரலையும்தான் நம்பினார். ஏட்டின் மீது மக்கள் வைத்த மதிப்பை வியாபாரி சில ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. நம் நாட்டில் மருந்து விளம்பரம், விற்பனை பற்றிய சட்டம் 1956-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நீரிழிவு, புற்றுநோய், காசநோய், வலிப்பு, ஆஸ்துமா முதலிய நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாகாது என்று அச்சட்டம் பட்டியலிட்டுத் தடுக்கிறது. இந்தியாவிலும் 1954-இல் இதே நோக்கத்துடன் ஒரு சட்டம் வந்தது; அதன் பட்டியலிலும் நீரிழிவு உண்டு. இரு நாட்டுச் சட்டங்களும் முப்பதாண்டுக்கு முன்பே தடுத்த ஒன்று, கசங்கிய இதழின் வழியாக லயத்துக்குள் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. வாசகர் நெஞ்சிலும் இருக்கவேண்டும் என்பதை அன்று கண்டோம்.

இந்தச் சிக்கலை முன்னரே எதிர்கொண்ட ஒருவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் 1903-இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் முதலில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களும் அங்கே இருந்தனர் என்பதை நாம் நினைவிற்கொள்ளவேண்டும். காந்தியடிகள் தம் சேமிப்பையெல்லாம் அதில் போட்டார். மாதம் 75 பவுன் வரை அனுப்பிய காலமும் உண்டு. தொடக்கத்தில் அவ்விதழ் விளம்பரம் ஏற்றது. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதே பெருந்தொல்லையாயிற்று. சமூகப் பெரியவர் ஒருவர் கொடுத்தால் மறுக்க முடியவில்லை. நல்ல ஊழியர் சிலர் விளம்பரம் கேட்டு அலைவதிலும், கொடுத்தவரைப் புகழ்வதிலும் காலம் கழித்தனர். இறுதியில் விளம்பரமே வேண்டா என்று நிறுத்திவிட்டு, இதழின் விலையை உயர்த்தி, "இது உங்கள் இதழ், நடத்துவது உங்கள் பொறுப்பு" என்று வாசகரிடம் ஒப்படைத்தார். போராட்டம் உச்சத்தில் இருந்தபோது சந்தாதாரர் 3,500 பேர் வரை உயர்ந்தனர்.

பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ், வாசகரின் வருவாய்க்கேற்பச் சந்தாவை வேறுபடுத்தியது. அரசினர்க்கும் சமீன்தார்க்கும் அதிகம், எளியவர்க்குக் குறைவு. 1906-இல் சென்னையில் தொடங்கி, 1908-இல் புதுவைக்குப் போன அந்த இதழ், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை வந்ததால் 1910-இல் நின்றுபோயிற்று.

இவ்விருவர் வழியும் உயர்ந்த வழி. ஆனால் எல்லா வாசகரும் எப்போதும் அவ்வழியில் நிற்பதில்லை. ஒரு சான்று கூறுவோம். 1952-இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைத் தள்ளி வைத்தது. அதில் விளம்பரமும் கிடையாது. நேயர்கள் என்ன செய்தனர்? விளம்பரமும் பாட்டும் கலந்து ஒலித்த இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைத் தேடிப் போயினர். பற்பசை விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் பாட்டு இலவசம்! 1957-இல் 'விவித பாரதி' தோன்றியது. 1967-இல் அதுவும் விளம்பரத்தை ஏற்றது. நம் மலாயா வானொலி 1960-இலேயே விளம்பரத்தை ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. ஆக, விளம்பரத்தை மக்கள் வாயால் பழிக்கிறார்கள், காதால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆயினும் உள்ளம் தொடப்பட்டால் மக்கள் காசு கொடுக்கத் தயங்குவதில்லை. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' போராடியது. அங்கே தமிழ் நூல்கள் வாங்குவதற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியையும் திரட்டியது. சாதாரணத் தொழிலாளரும் அதற்கு அள்ளிக் கொடுத்தனர். 1956-இல் இந்திய இயல் துறை அமைந்தது. அந்த வெள்ளியைக் கொடுத்தவர் எவரும் பதிலுக்குச் சேலையோ தைலமோ கேட்கவில்லை.

இப்போது அண்மைக் காலத்துக்கு வருவோம். 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளிலிருந்து நிறுத்தப்பட்டது. நட்டத்தைத் தாங்க இயலவில்லை. செய்தி கேட்டு வருந்தாத தமிழர் இல்லை. ஆனால் வருந்தியவர்களுள் எத்தனை பேர் முதல்நாள் அதை வாங்கியவர்கள்? நாங்களும் தலைகுனியவேண்டிய கேள்வி இது. பள்ளியின் ஆசிரியர் அறைக்கு வந்த ஒரே படியைத்தான் நாங்கள் எல்லாரும் படித்தோம். அந்தக் காலத்துத் திண்ணை வழக்கம் எங்களையும் விடவில்லை. "ஏட்டில் விளம்பரம் மிகுதி" என்று குறை கூறும் நாமே ஏட்டை வாங்க மறுத்தால், அது விளம்பரதாரரை விட்டால் வேறு யாரிடம் போகும்?

இன்று தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. எங்கள் பள்ளி மட்டும் பழைய பெயரோடு நிற்கிறது. பிள்ளைகள் கையில் கைப்பேசி. அதில் செய்தி, கதை, வைத்தியக் குறிப்பு எல்லாம் இலவசம். கூடவே விளம்பரமும் வருகிறது. கசங்கிய இதழ் போயிற்று. ஒரே குரலில் எல்லாவற்றையும் படிக்கும் பழக்கம் போகவில்லை.

ஆகவே எங்கள் மாணவருக்கு மூன்று கேள்விகளைக் கற்பிக்கிறோம். இதைச் சொல்பவர் யார்? சொல்வதற்கு அவருக்குப் பணம் கொடுப்பவர் யார்? இதை நம்பினால் இழப்பு யாருக்கு? வாரம் ஒருநாள் ஏட்டை விரித்து, செய்தியைக் கறுப்பு மையாலும் விளம்பரத்தைச் சிவப்பு மையாலும் கோடிடச் சொல்கிறோம். செய்தி போலவே உடுத்திவரும் விளம்பரத்தைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கைதட்டல் உண்டு. வீட்டில் தாத்தா பாட்டிக்குப் படித்துக் காட்டும்போது, "தாத்தா, இது விளம்பரம்" என்று முதலில் சொல்லிவிட்டுப் படிக்கவேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. அந்த ஒரு சொல்லை அன்று சொல்லத் தெரிந்திருந்தால், பக்கத்து வீட்டுத் தாத்தா இன்னும் சில காலம் இரு காலாலும் நடந்திருப்பார்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஏட்டை நடத்துவோரும் உண்டு உடுத்து வாழவேண்டியவர்களே. நேர்மையான விளம்பரத்தை இடம் கொடுத்து ஏற்போம்; பொய்யான விளம்பரத்தைக் கண்டால் ஏட்டுக்கும் அதிகாரிகளுக்கும் எழுதுவோம். நமக்கு வேண்டிய ஏடு எதுவோ அதற்கு நம் காசையும் கொடுப்போம். ஏட்டின் விலையை நாம் கொடுக்கவில்லையென்றால் வேறொருவர் கொடுப்பார். பிறகு அதை யாரிடமிருந்தாவது திரும்பப் பெறுவார்.