மணலும் மதராஸ் முறையும்

அம்மாபேட்டையில் பயிற்சி பெறும் ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்கேற்ற புதுக் கருவியை ஆராய்வாராயின், நாம் அவருக்கு எழும்பூரைச் சுட்டிக்காட்டுவோம். 1789இல் அங்கே இராணுவ அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொறுப்பேற்ற குருவானவர் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் சிறார் மணலைப் பரப்பி விரலால் எழுதக் கண்டார். தாள் வேண்டா, மை வேண்டா. பிழையை நொடியில் அழிக்கலாம். அம்முறையைக் கையாள அவருடைய உதவி ஆசிரியர்களோ இணங்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்புவித்தார். சிறுவன் செய்துகாட்டினான்!

பெல்லின் நூல் 1797இல் இலண்டனில் வெளிவந்தபின் இது ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்றது. மணல் மட்டுமன்று, மூத்த மாணாக்கன் இளையோருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை வழக்கமும் நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் பழையதே. 1811இல் தோன்றிய தேசிய சங்கத்தின் பள்ளிகளில் ஆங்கிலச் சிறாரும் மணலில் எழுதினர்.